முதலில் அடி, அப்புறம் கைகுலுக்கல்: பழைய கூட்டணி காமிக்ஸ் இன்றைக்குத் தாங்குகிறதா?

இரண்டு சூப்பர்ஹீரோக்கள் முதல்முறையாகச் சந்தித்தால் என்ன நடக்கும் என்று காமிக்ஸ் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஒருவர் எதையோ தப்பாகப் புரிந்துகொள்வார், நாலைந்து பக்கத்துக்கு அடிதடி நடக்கும், ஒரு கட்டடமாவது இடியும், அப்புறம் "அட, நீயும் நம்ம ஆளா" என்று இருவரும் சேர்ந்து உண்மையான வில்லனைத் தேடிக் கிளம்புவார்கள். 1940இலிருந்து இதுதான் கதை. இப்போது திரையில் ஓடுவதும் பெரும்பாலும் இதுவேதான், செலவு மட்டும் கூடியிருக்கிறது.

அந்தப் பழைய கூட்டணிக் கதைகளைக் கொஞ்ச காலமாக வரிசையாகத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் அதற்கு வசதி இருக்கிறது. நூலகக் கிளைகளின் வரைகதை அலமாரிகளில் தடிமனான மறுபதிப்புகள் கிடைக்கின்றன, எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் படிக்கலாம், அசல் தாள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளில் குந்தி உட்கார்ந்து துழாவலாம். படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தம்பட்டம் அடித்து வெளியிட்ட மகா சந்திப்புகள் சுமாராகத்தான் தாங்குகின்றன, மாதாமாதம் கடமைக்கு அச்சிட்டுத் தள்ளிய சில்லறைச் சந்திப்புகள்தான் நன்றாகத் தாங்குகின்றன. இது வெறும் ரசனை விஷயம் இல்லை. அவை எப்படி, எதற்காகத் தயாரிக்கப்பட்டன என்பதில்தான் காரணம் இருக்கிறது.

ஆரம்பத்தைப் பார்ப்போம். 1940இல் 'மார்வெல் மிஸ்டரி காமிக்ஸ்' என்ற இதழில் கார்ல் பர்கோஸ் வரைந்த ஹியூமன் டார்ச்சும் பில் எவரெட் வரைந்த சப்-மரைனர் நேமோரும் தனித்தனிக் கதைகளில் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் நெருப்பு, இன்னொருவன் தண்ணீர். மோத விட்டால் என்ன என்று தோன்றாமல் இருந்தால்தான் அதிசயம். 8ஆம் இதழில் தொடங்கிய சண்டை 10ஆம் இதழில் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. பெட்டி டீன் என்ற பெண் போலீஸ் நடுவில் புகுந்து சமாதானம் செய்துவைக்கிறாள். ஓவியம் கரடுமுரடு, வசனம் அதைவிடக் கரடுமுரடு. ஆனால் இரண்டு பேரும் தங்கள் பாத்திரத்தைத் தாங்களே வரைந்திருப்பதால், தன் ஆள் தோற்கக் கூடாது என்று இருவருமே முறைத்துக்கொண்டிருப்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

அதே ஆண்டுக் கடைசியில் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' 3ஆம் இதழில் ஜஸ்டிஸ் சொசைட்டி பிறந்தது. முதல் சூப்பர்ஹீரோ குழு என்று வரலாற்றில் பெயர் வாங்கியது. எடுத்துப் படித்தால் ஏமாற்றம்தான். எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அவ்வளவுதான். சேர்ந்து சண்டை போடுவதே இல்லை. பின்னாலும்கூட ஒரு வேலையைப் பங்குபோட்டுக்கொண்டு ஆளுக்கொரு அத்தியாயமாகப் பிரிந்து போய்விட்டுக் கடைசிப் பக்கத்தில் கூடுவதுதான் பழக்கம். இதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு இருந்தது. இந்தக் குழு, தனி இதழ் இல்லாத பாத்திரங்களுக்கு வெளிச்சம் போடுவதற்காக அமைத்த மேடை. ஃபிளாஷுக்குச் சொந்த இதழ் கிடைத்ததும் 'கௌரவ உறுப்பினர்' ஆக்கி அனுப்பிவிட்டார்கள். சூப்பர்மேனும் பேட்மேனும் அதே மாதிரிப் பெயரளவு உறுப்பினர்கள்தான். இந்த லட்சணத்தில் வொண்டர் வுமனை 1942இல் குழுவின் செயலாளராக நியமித்தார்கள். வானத்தில் போகிற விமானத்தைக் கையால் நிறுத்தக்கூடியவளை உட்காரவைத்துக் குறிப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இதழ்களை வரலாற்றுக்காகப் புரட்டலாம், பொழுதுபோக்குக்கு ஆகாது.

சூப்பர்மேன், பேட்மேன் கூட்டணி அமைந்த விதம் இன்னும் வேடிக்கை. 'வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்' இதழின் அட்டையில் 1941இலிருந்தே இருவரும் ஒன்றாகச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், உள்ளே போனால் தனித்தனிக் கதைகள். 1952இல் 'சூப்பர்மேன்' 76ஆம் இதழில் ஒரு கப்பல் பயணத்தில் இருவருக்கும் ஒரே அறை கிடைத்து, ஒருவர் ரகசியம் மற்றவருக்குத் தெரிந்துவிடுகிறது. நிரந்தரக் கூட்டணி ஆனது 1954இல்தான். அதற்குக் காரணம் நட்பு இல்லை. இதழின் பக்கங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டார்கள், இரண்டு பேருக்கும் தனிக் கதைக்கு இடம் இல்லை, ஆகவே ஒரே கதையில் இருவரையும் அடைத்துவிட்டார்கள். அந்தக் காலத்துக் கதைகளைப் படித்தால் ஒருவர் பலத்தை இழப்பார், இன்னொருவருக்கு அது வந்துசேரும், ராபின் வாயைப் பிளப்பான். பத்து வயதில் தித்திக்கும். இப்போது டிக் ஸ்பிராங் வரைந்த ராட்சத இயந்திரங்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

1961இல் வந்த 'ஃபிளாஷ்' 123ஆம் இதழ் வேறு ரகம். அறுபதுகளின் ஃபிளாஷான பேரி ஆலன், நாற்பதுகளின் ஃபிளாஷான ஜே கேரிக்கை இன்னொரு பூமியில் சந்திக்கிறான். பேரிக்கு ஜே யாரென்று ஏற்கெனவே தெரியும், எப்படி என்றால் சின்ன வயதில் ஜே கேரிக் காமிக்ஸ் படித்திருக்கிறான்! கார்ட்னர் ஃபாக்ஸ் என்ற எழுத்தாளர் கனவில் அந்த உலகத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று கதைக்குள்ளேயே விளக்கம் வேறு. இந்தக் கதையை எழுதியவரும் அதே கார்ட்னர் ஃபாக்ஸ்தான், 1940இல் ஜே கேரிக்கை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவரேதான். கார்மைன் இன்ஃபான்டினோவின் மெலிந்த, சாய்ந்த கோடுகளில் அது இன்றைக்கும் புத்தம் புதிதாக இருக்கிறது. எந்த அடிதடியும் இல்லாமல் இரண்டு ஆள்களைச் சந்திக்கவைத்த கதை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு வாசகன் தன் நாயகனைச் சந்திக்கிறான், அந்த மரியாதைதான் கதை. 1963இலிருந்து இதையே ஆண்டுதோறும் நடத்தும் திருவிழா ஆக்கி, அறுபதுகளின் குழுவான ஜஸ்டிஸ் லீகையும் பழைய ஜஸ்டிஸ் சொசைட்டியையும் 1985 வரை சந்திக்கவைத்துக்கொண்டே இருந்தார்கள். அவற்றில் பல, மூன்று குழுவாகப் பிரிந்து மூன்று இடத்துக்குப் போய் மூன்று பொருளைக் கொண்டுவரும் கதைகள். இரண்டு மூன்று படித்தால் போதும்.

மார்வெல் ஆள்கள் ஏன் பார்த்தவுடன் அடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. 1968 வரை மார்வெல் இதழ்களைக் கடைகளுக்கு அனுப்பிவந்தது சூப்பர்மேன், பேட்மேன் இதழ்களை வெளியிடும் போட்டி நிறுவனமான டிசியின் குடும்பத்தைச் சேர்ந்த விநியோக நிறுவனம். மாதத்துக்கு இத்தனை தலைப்புகள்தான் என்று ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு. புதுப் பாத்திரத்துக்கு விளம்பரம் தேவை, ஆனால் புது இதழ் தொடங்க வழியில்லை. அப்போது இருக்கிற ஒரே வழி, நன்றாக விற்கிற இதழில் அந்த ஆளைக் கௌரவ வேடத்தில் இறக்குவது. எல்லாரும் ஒரே நியூயார்க்கில் வசிக்கிறார்கள், வசனம் எழுதுவது பெரும்பாலும் ஒரே ஸ்டான் லீ, ஆகவே தெருமுனையில் இடித்துக்கொள்வது இயல்பாகவே இருந்தது. ஸ்பைடர்மேனின் சொந்த இதழ் 1963இல் தொடங்கியபோது முதல் இதழிலேயே அவன் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற நால்வர் குழுவின் வீட்டுக்குள் நுழைந்து வம்பிழுக்கிறான். எதற்கு? வேலை கேட்டு. சம்பளம் எதுவும் கிடையாது என்று சொன்னதும் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். ஒரு சூப்பர்ஹீரோ மாதச் சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படுகிறான் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு புதிதாக இருந்திருக்கும்! இன்றைக்குப் படித்தாலும் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. 1964இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் 25, 26 இதழ்களில் ஹல்க்கும் அந்த நால்வரில் ஒருவனான திங்கும் தெருத்தெருவாக அடித்துக்கொள்வதும் அப்படித்தான். ஜாக் கிர்பி வரைந்த அந்தச் சண்டையில் திங் தோற்றுக்கொண்டே எழுந்து நிற்கிறான். சண்டைக்கு ஓர் அர்த்தம் இருந்தால் எத்தனை ஆண்டானாலும் தாங்கும். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த அர்த்தத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சண்டையை மட்டும் நகல் எடுத்தவர்கள்தான் இந்த வகைக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்தார்கள்.

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்திப்புப் பைத்தியம் ரொம்பப் பிந்தித்தான் வந்தது. முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியபோது நமக்குக் கிடைத்தவர் இரும்புக்கை மாயாவி, அப்புறம் லயன் காமிக்ஸில் ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு ஆள்). ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் பெட்டியில் ஊறுகாயோடு வந்து இறங்கிய இதழ்கள். மாயாவியும் ஸ்பைடரும் ஒரே கதையில் வந்தால் எப்படி இருக்கும் என்று நாங்கள் பேசாத நாள் இல்லை, ஆனால் அப்படி ஒன்று எங்கள் கைக்கு வரவே இல்லை. அவர்கள் பிரிட்டிஷ் வார இதழ்களில் வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்த தொடர்களின் நாயகர்கள். இரும்புக்கை மாயாவி 'வேலியன்ட்' இதழின் சொத்து, ஸ்பைடர் 'லயன்' இதழின் சொத்து. வாரத் தொடர்களில் அடுத்த வாரத்துக்கு இழுத்துப் பிடிப்பதுதான் தொழில், விருந்தாளியை அழைத்து உபசரிக்க இடம் இல்லை. இதில் ஒரு சுவாரசியம், ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெரி சீகல். அதாவது சூப்பர்மேனுக்கும் நம்ம ஸ்பைடருக்கும் ஒரு வகையில் ஒரே அப்பா.

சரி, எழுபதுகளுக்கு வருவோம். கூட்டணிக் கதையையே தொழிற்சாலை ஆக்கியது இந்தக் காலம்தான். 'த பிரேவ் அண்ட் த போல்ட்' இதழில் பேட்மேனும் மாதம் ஒரு விருந்தாளியும், 'மார்வெல் டீம்-அப்' இதழில் ஸ்பைடர்மேனும் ஒரு விருந்தாளியும், 'மார்வெல் டூ-இன்-ஒன்' இதழில் திங்கும் ஒரு விருந்தாளியும், 1978இலிருந்து 'டிசி காமிக்ஸ் பிரசன்ட்ஸ்' இதழில் சூப்பர்மேனும் ஒரு விருந்தாளியும். எழுபதுகளின் பின்பாதியில் ஓர் இதழில் கதைக்குக் கிடைத்தது 17 பக்கங்கள்தான். அந்த 17 பக்கத்துக்குள் விருந்தாளி யார் என்று தெரியாத வாசகனுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டும், சந்திக்கவைக்க வேண்டும், வில்லனைக் காட்ட வேண்டும், முடிக்க வேண்டும். தொடர்ச்சி பற்றி அக்கறை இல்லாத, அந்த மாதம் கடையில் பார்த்து வாங்குகிற பையனுக்காக எழுதியது. இந்தக் கட்டாயம்தான் அவற்றைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். 1977இல் எழுதிய ஒன்றை இன்று எடுத்தால், அதற்கு முன் வந்த நூறு இதழைப் படித்திருக்கத் தேவையில்லை.

இதில் எனக்குப் பிடித்த கூத்து பாப் ஹேனி எழுதி ஜிம் அபாரோ வரைந்த பிரேவ் அண்ட் போல்ட். பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் 1966இல் பெரிய வெற்றி அடைந்ததால், அதுவரை யாரையும் யாரோடும் சேர்த்துக்கொண்டிருந்த இந்த இதழ் 74ஆம் எண்ணிலிருந்து பேட்மேனின் நிரந்தர வீடாகி, 1983இல் 200ஆம் இதழோடு மூடும்வரை அப்படியே இருந்தது. ஹேனிக்கு மற்ற இதழ்களில் என்ன நடக்கிறது என்று கவலையே இல்லை. இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய் சார்ஜென்ட் ராக் தேவைப்பட்டால் வந்துவிடுவார், வயது எப்படி ஒத்துவருகிறது என்று யாரும் கேட்கக் கூடாது. அவருடைய பேட்மேன் இருட்டில் தனியாக உறுமுகிற ஆள் இல்லை. பகலில் தெருவில் நடப்பார், போலீஸ்காரர்களோடு பேசுவார், ஏமாறுவார், திட்டு வாங்குவார். அபாரோ பென்சில், மை, எழுத்து மூன்றையும் தானே செய்தவர், ஆகவே பக்கம் முழுக்க ஒரே கையின் ஓட்டம் தெரியும், வசனக் குமிழ்கூட ஓவியத்தை இடிக்காது.

1976இல் வந்த 124ஆம் இதழைப் பாருங்கள். பேட்மேனும் சார்ஜென்ட் ராக்கும் திருட்டுத் துப்பாக்கிகளைத் தேடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் கதையின் வில்லன்கள் அந்த இதழை வரைந்துகொண்டிருக்கும் ஜிம் அபாரோவையே தேடிப்போய், பேட்மேன் சாகிற மாதிரி வரை என்று மிரட்டுகிறார்கள். ஓவியர் தன் பலகையோடு ஓடி ஒளிகிறார். இந்த மாதிரி விளையாட்டை இப்போது யாராவது செய்தால் பக்கம் பக்கமாக ஆராய்ச்சி எழுதுவோம். ஹேனி அதைச் சாதாரண மாதச் சரக்காகச் செய்துவிட்டு அடுத்த மாதக் கதைக்குப் போய்விட்டார். என் அக்கா மகனிடம் இதைக் கொடுத்தேன், அவன் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. "மாமா, இது மல்டிவெர்ஸா?" என்றான். இல்லடா, மாசக் கடைசி என்றேன்.

மார்வெல் பக்கம் வந்தால் டீம்-அப் இதழை முழுசாகப் பரிந்துரைக்க மாட்டேன். 1972இலிருந்து 1985 வரை 150 இதழ்கள், அதில் பாதிக்கு மேல் மறந்துவிடலாம். கிறிஸ் கிளேர்மான்ட் எழுதி ஜான் பர்ன் வரைந்த 1977, 78 இதழ்கள் நிச்சயம் படிக்கலாம். ஒன்றுக்குள் ஒன்று கோத்து இழுத்துப் போகிற வேகம், முகங்களில் உணர்ச்சி, இரண்டும் உண்டு. 74ஆம் இதழில் ஸ்பைடர்மேன் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் கலைஞர்களோடு சேருகிறான், ஜான் பெலுஷி சில்வர் சாமுராயோடு வாள் சண்டை போடுகிறார். அந்த நிகழ்ச்சியைப் பார்த்தே இராத நமக்கு அது ஒரு பழைய விளம்பரத் தாளைப் பார்க்கிற மாதிரிதான்.

டூ-இன்-ஒன்தான் எதிர்பாராத பரிசு. இதன் ரகசியம் திங் என்ற பென் கிரிம். ஸ்பைடர்மேனோ சூப்பர்மேனோ யாரைச் சந்தித்தாலும் தங்கள் ரகசியத்தைக் காக்க வேண்டும். பென்னுக்கு ரகசியமே இல்லை, பாறை உடம்போடு பட்டப்பகலில் தெருவில் நடக்கிறவன், யாரோடும் உட்கார்ந்து சீட்டாடுவான், வாயாடுவான், உள்ளுக்குள் நொந்துகொள்வான். யாரைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினாலும் ஓர் உரையாடல் கிடைத்துவிடும். மார்க் குரூன்வால்டும் ரால்ஃப் மக்கியோவும் எழுதிய பெகசஸ் தொடர் 1979இல் 53ஆம் இதழிலிருந்து 58 வரை வந்தது, ஜான் பர்ன், ஜார்ஜ் பெரெஸ் வரைந்தது. ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் காவலுக்கு நிற்கிற வேலை, வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே. செயற்கையாகச் சந்திக்கவைக்கும் வேலையே மிச்சம். 1982இல் வந்த 7ஆம் ஆண்டு மலரில் பிரபஞ்சத்தின் சாம்பியன் ஒருவன் வந்து பூமியின் பலசாலிகளைக் குத்துச்சண்டைக்கு அழைக்கிறான். தோர், ஹல்க் எல்லாரும் ஏதேதோ காரணத்தால் வெளியேற, கடைசியில் நிற்பது பென். எலும்பு நொறுங்கியும் தோல்வியை ஒப்புக்கொள்ள மறுக்கிறான். இதை எழுதிய டாம் டிஃபால்கோவும் வரைந்த ரான் வில்சனும் பெரிய மேதைகள் என்று யாரும் கொண்டாடுவதில்லை, ஆனால் அந்தக் கடைசிப் பக்கங்களில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, நூலகத்தில் பக்கத்து நாற்காலிப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

அதே இருவர் அதே ஆண்டு செய்த 86ஆம் இதழ் இன்னும் சின்னது, இன்னும் நல்லது. பழைய வில்லன் சாண்ட்மேன் ஒரு மதுக்கடையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு பென் பிடிக்கப் போகிறான். சண்டைதான் என்று நாம் காத்திருக்க, சாண்ட்மேனுக்குச் சண்டை போடவே தெம்பில்லை. இருவரும் உட்கார்ந்து பியர் குடிக்கிறார்கள். ஏன் திருடனானேன் என்று அவன் சொல்கிறான், பென் கேட்கிறான். கடைசியில் பென் அவனை விட்டுவிட்டு வந்துவிடுகிறான். நாற்பது ஆண்டுகளாக அடித்துக்கொண்டே சந்தித்தவர்கள் நடுவே அடிக்காமல் ஒரு சந்திப்பு. இதை யாரும் சிறப்பிதழ் என்று அறிவிக்கவில்லை.

இப்போது பெரிய சந்திப்பைப் பார்ப்போம். 1976இல் டிசியும் மார்வெலும் கைகோர்த்து வெளியிட்ட 'சூப்பர்மேன் வெர்சஸ் ஸ்பைடர்மேன்'. சாதாரண இதழைவிடப் பெரிய அளவு, 90 பக்கங்களுக்கு மேல், விலை 2 டாலர். ஜெரி கான்வே எழுத, ராஸ் ஆண்ட்ரு வரைய, டிக் ஜோர்டானோ மை பூசினார். இரண்டு நிறுவனத்திலும் வேலை பார்த்தவர்கள் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அது போதாதென்று சூப்பர்மேன் படங்களில் நீல் ஆடம்ஸும், ஸ்பைடர்மேனின் நிஜ முகமான பீட்டர் பார்க்கர் வரும் படங்களில் ஜான் ரொமீட்டாவும் கைவைத்தார்கள், தங்கள் ஆள் தங்கள் ஆள் மாதிரியே இருக்க வேண்டும் என்பதற்காக.

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஜாக்கிரதையை விளக்கவே தேவையில்லை. 1979இல் இதே சிங்கப்பூரில் பெரும்பகுதி எடுக்கப்பட்ட 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் ரஜினியும் கமலும் சேர்ந்து வந்தார்கள். யாருக்கு எத்தனை காட்சி, யாருக்குப் பாட்டு, யார் பெயர் முதலில் என்று திரையரங்கிலேயே எண்ணுகிற கூட்டம் நம்முடையது. அந்த எண்ணிக்கைதான் இந்தப் புத்தகத்தையும் ஆட்டிப்படைக்கிறது. முதலில் சூப்பர்மேனுக்கு ஒரு தனிக் கதை, அப்புறம் ஸ்பைடர்மேனுக்கு ஒன்று, அப்புறம் அவரவர் வில்லன்களான லூத்தரும் டாக்டர் ஆக்டபஸும் சிறையில் சந்திக்க ஒன்று. சூப்பர்மேன் பக்கத்து லோயிஸ் லேன் கடத்தப்பட்டால் ஸ்பைடர்மேன் பக்கத்து மேரி ஜேனும் கடத்தப்பட வேண்டும். ஸ்பைடர்மேன் எப்படி சூப்பர்மேனை அடிக்க முடியும் என்ற கேள்விக்கு லூத்தர் செஞ்சூரியக் கதிர்வீச்சைப் பாய்ச்சி வழி செய்கிறான். எல்லாம் தராசில் வைத்து நிறுத்தது. கதையாக அது எங்கேயும் மூச்சு விடுவதில்லை.

ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது. ஆண்ட்ருவுக்கு நியூயார்க்கை உயரத்திலிருந்து பார்க்கத் தெரியும். இரட்டைப் பக்க ஓவியங்களில் கட்டடங்கள் காலுக்குக் கீழே விரிந்து கிடக்கும்போது அந்தப் பெரிய அளவுக்கு அர்த்தம் வருகிறது. அப்புறம் ஒரு பக்கம் உண்டு: கதிர்வீச்சின் பலம் தீர்ந்துபோனது தெரியாமல் ஸ்பைடர்மேன் குத்திக்கொண்டே இருக்கிறான், சூப்பர்மேன் சும்மா நிற்கிறார், குத்தியவன் கைதான் வீங்குகிறது. இரண்டு பாத்திரங்களின் வித்தியாசமும் அந்தச் சில கட்டங்களில் இருக்கிறது, மீதிப் பக்கங்கள் அதற்குக் கட்டிய பந்தல். கைப்பேசியில் மட்டும் இதைப் படித்துவிடாதீர்கள், பாதி உயிர் போய்விடும்.

பின்னால் வந்தவற்றில் 1982இன் எக்ஸ்-மென், டீன் டைட்டன்ஸ் சந்திப்புதான் சிறந்தது. கிளேர்மான்ட் எழுதி வால்டர் சைமன்சன் வரைந்தது. இரு குழுக்களும் வேறு வேறு உலகம் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருக்காமல் ஒரே உலகத்தில் எப்போதும் இருந்தவர்கள் மாதிரி நேராகக் கதைக்குப் போய்விடுகிறார்கள். அடுத்து ஜஸ்டிஸ் லீகும் அவெஞ்சர்ஸும் சந்திப்பதாக 1983இல் அறிவித்து, ஜார்ஜ் பெரெஸ் ஏறக்குறைய 21 பக்கத்துக்கு வரைந்தும் விட்டார். கதை விஷயத்தில் இரு நிறுவனத்து ஆசிரியர்களுக்கும் ஒத்துவராமல் அது நின்றுபோய், 20 ஆண்டு கழித்து 2003இல் கர்ட் பியூசிக் எழுத்தில் அதே பெரெஸ் புதிதாக வரைந்தார். அதை ரசிக்க இரண்டு நிறுவனத்தின் நாற்பது ஆண்டு வரலாறும் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தவர்களுக்கு அது விருந்து. பெரெஸ் நோய்வாய்ப்பட்டிருந்தபோது 2022இல் ஓர் அறக்கட்டளை மூலம் 7,000 படிகள் மட்டும் மறுபடி அச்சிட்டார்கள்.

அனுமதி வாங்காத ஒரு கூட்டணியும் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. 1972இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட், லென் வீன், ஜெரி கான்வே என்ற மூன்று இளம் எழுத்தாளர்கள், வெர்மான்ட் மாநிலத்து ரட்லண்ட் ஊரின் ஹாலோவீன் ஊர்வலத்துக்குத் தாங்களே போவதாக வைத்து மூன்று கதை எழுதினார்கள். ஒன்று மார்வெலின் 'அமேசிங் அட்வென்சர்ஸ்', இன்னொன்று டிசியின் 'ஜஸ்டிஸ் லீக்', மூன்றாவது மார்வெலின் 'தோர்'. எந்த இதழிலும் மற்ற நிறுவனத்தின் பெயர் கிடையாது. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அது ஒரே ராத்திரி, ஒரே ஊர் என்று பிடிபடும். தனித்தனியாக அவை சுமார்தான், மேலிடத்துக்குத் தெரியாமல் செய்த குறும்பு என்பதில்தான் ருசி.

எது தாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படத்தில் தெரிவதையே வசனமும் பெட்டியும் மறுபடி சொல்வது பெரிய தொல்லை. மார்வெலில் ஓவியர் முதலில் வரைந்துவிடுவார், எழுத்தாளர் அப்புறம் வசனம் போடுவார், ஓவியத்தை நம்பாத எழுத்தாளர் கையில் கிடைத்தால் குமிழ்கள் முகத்தையே மூடிவிடும். பெண்கள் பெரும்பாலும் கடத்தப்படுவதற்கோ பொறாமைப்படுவதற்கோ வருகிறார்கள். நமக்கு உறுத்துவது இன்னொன்று. ஆசியர் என்றால் மஞ்சள் மை, சாய்ந்த கண், ஒன்று தற்காப்புக் கலை இல்லாவிட்டால் உலகத்தை ஆளும் சதி. அவெஞ்சர்ஸ் கதைகளில் வரும் மாண்டரின் என்ற சீன வில்லனை இப்போது பார்த்தால் பக்கத்தைத் திருப்பக் கை பரபரக்கிறது. 1985இல் மார்வெல் மாட்ரிபூர் என்று ஒரு கற்பனைத் தீவை நம் வட்டாரத்துக் கடலிலேயே உருவாக்கியது, மேலே பணக்கார ஊர், கீழே கடத்தல்காரர்களின் ஊர். உல்வரின் அங்கே மதுக்கடையில் உட்கார்ந்திருப்பார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தென்கிழக்காசியத் துறைமுகம் என்றால் அதுதான். வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டு அதைப் படிப்பது தனி வேடிக்கை.

இந்தச் சின்ன இதழ்கள் ஏன் நின்றன என்பது நேரடியான கணக்கு. பிரேவ் அண்ட் போல்டும் டூ-இன்-ஒன்னும் 1983இல், டீம்-அப் 1985இல், டிசி பிரசன்ட்ஸ் 1986இல். இந்த நடுவில், 1984இல் பொம்மை நிறுவனம் ஒன்றின் தயாரிப்புகளோடு சேர்த்துத் திட்டமிட்ட மார்வெலின் 'சீக்ரெட் வார்ஸ்' வந்தது, 1985இல் டிசியின் 'கிரைசிஸ்' வந்தது. இரண்டும் 12 இதழ்கள் ஓடியவை, எல்லாப் பாத்திரங்களும் ஒன்றாக. அதற்குள் காமிக்ஸ் விற்பனையும் தெருமுனைக் கடைகளிலிருந்து தனிக் காமிக்ஸ் கடைகளுக்கு நகர்ந்துவிட்டது. அங்கே வருபவர் எல்லாவற்றையும் தொடர்ந்து வாங்குகிறவர், அவருக்கு மாதம் ஒரு அறிமுகம் தேவையில்லை, எது 'முக்கியம்' என்பதுதான் தேவை. யாரோ இருவர் ஒரு மாதம் சந்தித்துப் பிரிந்தார்கள் என்பது முக்கியம் இல்லாமல் போயிற்று.

வாங்க நினைப்பவர்களுக்குக் கடைசியாகத் தாள் விஷயம். அசல் இதழ்கள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானவை, அமிலம் நிறைந்தவை, நம்மூர் ஈரப்பதத்தில் சீக்கிரமே பழுத்து ஓரம் உதிரும். பிராஸ் பசாவில் பார்த்தால் முதுகில் தைத்த கம்பிப் பின் துருப்பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிளாஸ்டிக் உறையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பளபளப்பான புதுத் தொகுப்புகளில் வேறு பிரச்சினை, மங்கலான தாளுக்காகத் தேர்ந்த நிறங்கள் வழவழத் தாளில் கண்ணைக் குத்துகின்றன. எனக்குப் பிடித்தவை இரண்டாயிரங்களில் வந்த கறுப்பு வெள்ளைத் தொகுப்புகள். மார்வெல் 'எசென்ஷியல்' என்றும் டிசி 'ஷோகேஸ் பிரசன்ட்ஸ்' என்றும் போட்டவை, தலையணைத் தடிமன், மட்டமான தாள். நிறம் போனதும் அபாரோவின் மை தனியாக எழுந்து நிற்கிறது. இப்போது அச்சில் இல்லை, ஆனால் சேகரிப்பாளர்கள் அவற்றைச் சீண்டுவதில்லை என்பதால் பழைய கடைகளில் இன்னும் மலிவுதான். பிரேவ் அண்ட் போல்ட் தொகுப்பு எதையாவது பார்த்தால் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.